இஸ்ரேலியரும் அரபியரும் ஒரே மேடையில்: 'திவான்' இசைக்குழு சாதித்தது என்ன? சாதிக்காதது என்ன?

2005 ஆகஸ்ட் 21. இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள மேற்குக்கரையில் இருக்கும் ரமல்லா நகரின் கலாசார மாளிகை. மேடையில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி ஒலித்துக்கொண்டிருந்தது.

வாசித்தவர்களில் இஸ்ரேலியர்கள் இருந்தார்கள். பாலத்தீனர்கள் இருந்தார்கள். சிரியா, லெபனான், எகிப்து, ஜோர்டான் நாடுகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். சொந்த நாட்டின் சட்டத்தைப் பார்த்தால், அவர்களில் பலர் அன்று அந்த ஊருக்கே வந்திருக்கக் கூடாது.

அந்தக் குழுவின் பெயர் வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான் ஆர்கெஸ்ட்ரா. 'கலையால் அமைதியைக் கொண்டுவர முடியுமா?' என்ற கேள்வி எழும்போதெல்லாம் உலகம் முழுவதும் முதலில் சொல்லப்படும் உதாரணம் இதுதான். ஆனால், இந்தக் குழுவைத் தொடங்கிய டேனியல் பாரன்பாய்ம், 'இது அமைதிக்கான திட்டம் இல்லை' என்றே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்படியென்றால் இது என்ன? 1999-ல் தொடங்கிய இந்த முயற்சியால் யாருக்கு என்ன கிடைத்தது? ஏன் இரண்டு தரப்பிலும் இதை எதிர்க்கிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த இருவர்?

டேனியல் பாரன்பாய்ம் 1942-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் பிறந்தவர். ரஷ்யாவில் இருந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் வாரிசு. ஏழு வயதிலேயே மேடையேறி பியானோ வாசித்தவர். 1952-ல் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். பின்னாளில் உலகின் முன்னணி இசைக்குழு நடத்துநர்களில் ஒருவரானார்.

எட்வர்ட் சயீத் 1935-ல் ஜெருசலேமில், பாலத்தீன கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கெய்ரோவில் வளர்ந்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கிழக்கு நாடுகளை மேற்குலகம் எப்படிப் பார்த்தது, ஏன் அப்படிப் பார்த்தது என்று அலசிய 'ஓரியண்டலிசம்' நூலை 1978-ல் எழுதியவர். பாலத்தீனர்களின் உரிமைக்காக அமெரிக்காவில் ஒலித்த முக்கியக் குரல். நன்றாக பியானோ வாசிப்பார், இசை விமர்சனமும் எழுதுவார்.

1990களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் இருவரும் தற்செயலாகச் சந்தித்தார்கள். பேச ஆரம்பித்தவர்கள் பிறகு நிறுத்தவே இல்லை. இசை, இலக்கியம், அரசியல் என்று வருடக்கணக்கில் நீண்ட அந்தப் பேச்சு 2002-ல் ஒரு புத்தகமாகவும் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பேருக்கும் எல்லாவற்றிலும் ஒரே கருத்து இருக்கவில்லை. 1948-ஐ ஒருவர் தன் நாடு பிறந்த ஆண்டாகப் பார்த்தார். இன்னொருவருக்கு அது தன் மக்கள் வீடு வாசல் இழந்த ஆண்டு. அந்த வேறுபாட்டை மறைக்காமலேயே நண்பர்களாக இருக்க முடியும் என்பதுதான் இந்தக் குழுவுக்கு அடித்தளம்.

வைமர் நகரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ஜெர்மனியின் வைமர் நகரம் 1999-ல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராக அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே வாழ்ந்த ஜெர்மன் மகாகவி கதேவுக்கு அந்த ஆண்டு 250-வது பிறந்தநாள். இதையொட்டி இஸ்ரேலிய, அரபு இளைஞர்களுக்கு ஓர் இசைப் பயிலரங்கம் நடத்தலாம் என்று முடிவானது.

யார் வரப்போகிறார்கள் என்ற சந்தேகம் ஏற்பாட்டாளர்களுக்கு இருந்தது. ஆனால், அரபு நாடுகளில் இருந்து மட்டும் சுமார் 200 பேர் விண்ணப்பித்தார்கள்.

வைமருக்கு இன்னொரு முகமும் உண்டு. கதே நடமாடிய தெருக்களில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் நாஜிகளின் பூகென்வால்ட் வதை முகாம் இருந்தது. சுமார் 56,000 பேர் அங்கே உயிரிழந்தார்கள். ஜெர்மானியப் பண்பாட்டின் உச்சமும், அதே நாட்டு வரலாற்றின் படுபாதாளமும் பக்கத்து பக்கத்தில் இருக்கும் ஊர் அது.

பயிலரங்கத்துக்கு வந்த இளைஞர்களை அந்த முகாமுக்கும் அழைத்துப் போனார்கள். பகலில் ஒத்திகை. இரவில் சயீத் முன்னிலையில் விவாதம். இப்படித்தான் அந்த நாட்கள் கழிந்தன.

'திவான்' என்றால் என்ன?

நம்ம ஊரில் திவான் என்றால் சமஸ்தானத்து மந்திரிதான் நினைவுக்கு வருவார். பாரசீக மொழியில் இருந்து வந்த அதே சொல்லுக்கு 'கவிதைத் தொகுப்பு' என்ற பொருளும் உண்டு.

14-ம் நூற்றாண்டு பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்து மயங்கிப்போனவர் கதே. அந்தப் பாதிப்பில் எழுதிய கவிதைகளை 1819-ல் 'மேற்கு-கிழக்கு திவான்' என்ற பெயரில் வெளியிட்டார். அறுபது வயதைக் கடந்த பிறகு அரபு எழுத்துகளை எழுதிப் பழகியவர் அவர். இன்னொரு பண்பாட்டை வெளியில் நின்று எடை போடாமல், மாணவனாக உள்ளே போய்ப் பார்த்தவர் என்பதால்தான் அவருடைய நூலின் பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள்.

ஆர்கெஸ்ட்ராவில் அப்படி என்ன இருக்கிறது?

இரு தரப்பு இளைஞர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் கிரிக்கெட் போட்டி வைக்கலாம், கருத்தரங்கம் நடத்தலாம். எதற்கு ஆர்கெஸ்ட்ரா? இதற்கான பதில் ஒரு சிம்பொனி குழு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

முதலில் சுருதி சேர்ப்பது. ஓபோ என்ற குழல், அதாவது நாதஸ்வரம் போலவே சீவாளி வைத்து ஊதும் கருவி, ஒரு ஸ்வரத்தைக் கொடுக்கும். மொத்தக் குழுவும் அதற்குத் தன் சுருதியைச் சரிசெய்துகொள்ளும். ஓபோ வாசிப்பவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கு அங்கே வேலை இல்லை.

அடுத்து உட்காரும் முறை. வயலின், வியோலா, செல்லோ வாசிப்பவர்கள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்டாண்டு, ஒரே இசைக்குறிப்புத் தாள். ஒருவர் வாசித்துக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்புவார். வில் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்பது வரை இருவரும் ஒன்றுபோலச் செய்ய வேண்டும். ஒருவர் கொஞ்சம் சத்தமாக வாசித்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

திவான் குழுவில் அந்த ஸ்டாண்டின் ஒரு பக்கம் இஸ்ரேலியர், மறுபக்கம் சிரியர் உட்கார்ந்த காட்சி பற்றி பாரன்பாய்ம் நிறைய பேசியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: ஒரே ஸ்வரத்தை, ஒரே அழுத்தத்தில், ஒரே உணர்வோடு கொண்டுவர இருவரும் சேர்ந்து பாடுபட்ட பிறகு, பக்கத்தில் இருப்பவரை முன்பு பார்த்தது போலப் பார்க்க முடியாது.

மூன்றாவது விஷயம்தான் ரொம்ப முக்கியம். பேச்சுவார்த்தை மேசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கேட்கிறாரா, பதிலைத் தயார் செய்கிறாரா என்று நமக்குத் தெரியாது. இசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் 'பேசுகிறார்கள்'. ஆனால், மற்றவரைக் கேட்காமல் ஒரு விநாடிகூட வாசிக்க முடியாது. சொல்வதும் கேட்பதும் ஒன்றாக நடந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெளியே ஒருவர் ராணுவ பலம் கொண்ட நாட்டின் குடிமகன், மற்றவர் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியவர். ஆனால், பீத்தோவனின் இசைக்குறிப்பு முன்னால் இருவரும் சமம். ஒத்திகை நேரத்துக்கு மட்டுமே கிடைக்கும் சமத்துவம் அது. அந்த நேரத்துக்காவது உண்மையாகவே கிடைக்கிறது.

'பீத்தோவனை வாசிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?'

இப்படிச் சொன்னால் எல்லாம் சுமுகமாக நடந்தது போலத் தோன்றும். இல்லவே இல்லை.

முதல் ஆண்டு வைமரில் நடந்த ஒரு சம்பவத்தை சயீத் பதிவு செய்திருக்கிறார். இரவு நேரங்களில் அரபு இளைஞர்கள் சிலர் தங்கள் பாரம்பரிய இசையை வாசித்தார்கள். அதில் சேர வந்த ஒருவரை, அவர் அரபியர் இல்லை என்பதால், 'இது எங்களுக்கு மட்டும்தான் வரும்' என்று தடுத்துவிட்டார்கள். இந்தப் பிரச்னை விவாதத்துக்கு வந்தது. 'அப்படியானால் பீத்தோவனை வாசிக்க உனக்கு என்ன உரிமை? நீ ஜெர்மன்காரன் இல்லையே!' என்ற ரீதியில் பதில் கேள்வி வந்தது.

கூட்டத்தில் இருந்த இஸ்ரேலிய செல்லோ கலைஞர் ஒருவர் ராணுவத்தில் இருப்பவர். இசைக்காக வந்த தனக்கு இந்த விவாதங்கள் சங்கடமாக இருப்பதாகச் சொன்னார். நாளை தன்னை லெபனானுக்கு அனுப்பினால், இங்கே இருப்பவர்களோடுதான் சண்டை போட வேண்டியிருக்கும் என்பது அவரது தவிப்பு. சங்கடமாக இருந்தால் தாராளமாகக் கிளம்பலாமே என்றார் பாரன்பாய்ம். அந்த இளைஞர் கிளம்பவில்லை. கடைசி வரை இருந்தார்.

உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் யோ-யோ மாவும் அந்தப் பயிலரங்கத்துக்கு வந்திருந்தார். அரபு இசையில் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் ஸ்வரங்கள் உண்டு. அவற்றுக்கு ஏற்ப செல்லோவின் சுருதியை எப்படி மாற்ற வேண்டும் என்று ஓர் அரபு இளைஞர் யோ-யோ மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். யார் அந்த இளைஞர் தெரியுமா? பத்து நாட்களுக்கு முன்பு 'அரபு இசை அரபியருக்குத்தான் வரும்' என்று சொன்ன அதே ஆள்!

ரமல்லா கச்சேரி எப்படி சாத்தியமானது?

ஒரு தடவை நடத்தி முடிக்க நினைத்த பயிலரங்கம், இப்படித்தான் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் நிகழ்வாக மாறியது. 2002 முதல் ஸ்பெயினின் ஆண்டலூசியா மாகாண அரசு ஆதரவளித்து, செவில் நகரத்தைக் குழுவின் இருப்பிடமாக்கியது. முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் பல நூற்றாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பகுதி அது. ஸ்பெயின் நாட்டு இளைஞர்களும் குழுவில் சேர்ந்தார்கள். 2003-ல் மொராக்கோ தலைநகர் ரபாத்தில் குழு வாசித்தது. அரபு நாடு ஒன்றில் அதற்கு அதுதான் முதல் மேடை.

அதே 2003 செப்டம்பரில், பல ஆண்டுகள் ரத்தப் புற்றுநோயோடு போராடிய சயீத் காலமானார். பாலத்தீன மண்ணில் இந்தக் குழு வாசிப்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

ரமல்லாவில் என்ன சிக்கல்? பாலத்தீன நிர்வாகத்தின் கீழ் இருக்கும் அந்த நகருக்குள் இஸ்ரேலியக் குடிமக்கள் நுழைய இஸ்ரேல் ராணுவமே தடை விதித்திருக்கிறது. மறுபக்கம், சிரியர்களுக்கும் லெபனானியர்களுக்கும் இஸ்ரேலோடு எந்தத் தொடர்பும் கூடாது என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் உள்ள எல்லையைத் தாண்டாமல் அவர்கள் ரமல்லாவுக்கு வரவும் முடியாது.

ஸ்பெயின் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. கலைஞர்களுக்கு ராஜதந்திரிகளுக்கான பாஸ்போர்ட் கொடுத்தது. பலத்த பாதுகாப்போடு அவர்களை அழைத்து வந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் இஸ்ரேலியக் கலைஞர்கள் உடனே கிளம்ப வேண்டியிருந்தது. இந்தப் பயணம் 'நாலெட்ஜ் இஸ் தி பிகினிங்' என்ற ஆவணப்படமாகி, சர்வதேச எம்மி விருதும் பெற்றது.

ஒரு சிம்பொனி வாசிக்க ஒரு நாட்டு அரசே தலையிட்டு பாஸ்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. இதைச் சாதனை என்றும் சொல்லலாம். நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்குச் சாட்சி என்றும் சொல்லலாம்.

போர் வரும்போது குழு என்ன ஆகும்?

உண்மையான சோதனை அப்போதுதான். ரமல்லா கச்சேரி நடந்த அடுத்த ஆண்டே, 2006 கோடையில், இஸ்ரேலுக்கும் ஹெஸ்பொலாவுக்கும் இடையே போர் வெடித்தது. அந்த முறை லெபனான், சிரியா நாட்டுக் கலைஞர்கள் பலர் வரவில்லை. குழு சார்பில் வெளியான அறிக்கையைக்கூட எல்லோராலும் முழு மனதோடு ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2009 ஜனவரியில் தோஹாவிலும் கெய்ரோவிலும் கச்சேரிக்கு ஏற்பாடாகியிருந்தது. காஸாவில் நடந்த போரால் இரண்டும் ரத்தாகி, குழு பெர்லினில் வாசித்தது.

2011 மே மாதம் பாரன்பாய்ம் காஸாவுக்கே போய் மொஸார்ட்டின் இசையை நடத்தினார். ஆனால், அவரோடு சென்றது திவான் குழு இல்லை. ஐரோப்பாவின் பெரிய இசைக்குழுக்களில் இருந்து தன்னார்வலர்களாக வந்தவர்கள். இஸ்ரேலியர்கள் உள்ள குழு காஸாவுக்குள் போவது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து காஸா மீது இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரக்கணக்கான பாலத்தீனர்கள் உயிரிழந்தார்கள். ஹமாஸ் தாக்குதலைக் கண்டித்த பாரன்பாய்ம், பாலத்தீனர்களுக்கு நம்பிக்கையும் நீதியும் கிடைக்காமல் இஸ்ரேலியர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்காது என்றும் எழுதினார். குழு கலைந்துபோகவில்லை.

இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால், இரண்டு பக்கமும் உறவினர்களையும் நண்பர்களையும் பறிகொடுத்தவர்கள் இருக்கும் நேரத்தில், மறுபடியும் ஒரே ஸ்டாண்டின் முன்னால் போய் உட்காருவது எளிதான காரியம் இல்லை. ஊர் திரும்பியதும் 'துரோகி' என்ற சொல் காத்திருக்கலாம். அது அவர்களுக்கும் தெரியும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

முதலில் இஸ்ரேல் தரப்பு. 2004-ல் உல்ஃப் விருதை வாங்க இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கு வந்த பாரன்பாய்ம், இஸ்ரேலின் சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்து வாசித்தார். எல்லோருக்கும் சம உரிமை என்று எழுதியிருக்கிறோமே, ஆக்கிரமிப்பு அதற்குப் பொருந்துமா என்று கேட்டார். மேடையிலேயே கல்வி அமைச்சர் அவரைக் கண்டித்தார். 2008-ல் பாலத்தீனம் அவருக்கு கௌரவக் குடியுரிமை கொடுத்தபோது, இஸ்ரேல் குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்று அங்கே சில அரசியல்வாதிகள் குரல் எழுப்பினார்கள்.

பாலத்தீனத் தரப்பின் விமர்சனம் வேறு மாதிரியானது. இஸ்ரேலைக் கல்வி, கலாசாரத் துறைகளில் புறக்கணிக்க வேண்டும் என்று 2004 முதல் இயங்கும் பாலத்தீன இயக்கம், திவான் குழுவையும் புறக்கணிக்கச் சொன்னது. அதன் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்:

ஒருவர் இன்னொருவரின் நிலத்தை ஆக்கிரமித்திருக்கும்போது, இருவரையும் பக்கத்து பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்தால், பிரச்னை என்னவோ 'புரிதல் இல்லாமை' மட்டும்தான் என்பது போல ஆகிவிடும். பாலத்தீனருக்குத் தேவை உரிமை. இஸ்ரேலியரின் நட்பு கிடைத்தால் மட்டும் சோதனைச் சாவடி மறைந்துவிடாது. அநியாயத்தை இயல்பான விஷயமாக்க கலை துணைபோகக் கூடாது.

சயீத்தின் மனைவி மரியம் சயீத் இதை மறுத்தார். ஆக்கிரமிப்பை எதிர்ப்பவர்கள்தான் இந்தக் குழுவை நடத்துகிறார்கள், இது யாருக்கும் வெள்ளையடிக்கும் வேலை இல்லை என்பது அவர் தரப்பு. சயீத்தின் மறைவுக்குப் பிறகும் அவர் இந்தப் பணியில் இருந்து விலகவில்லை.

இந்த விவாதம் இன்றும் முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். 'கலை எல்லைகளைக் கடக்கும்' என்று சும்மா கைதட்டிவிட்டுப் போகிறவர்களைவிட, இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கலையை அதிகம் மதித்தவர்கள். கலைக்கு சக்தி உண்டு என்று நம்புவதால்தான், அது தவறான பக்கம் நிற்கக் கூடாது என்று பயப்படுகிறார்கள்.

ஸ்ரீநகரில் நடந்ததும் இதே கேள்விதான்

இதே விவாதம் இந்தியாவிலும் நடந்திருக்கிறது. பாரன்பாய்மின் நீண்டகால நண்பர், மும்பையில் பிறந்த இசை நடத்துநர் ஜுபின் மேத்தா. இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் குழுவைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவர். 2013 செப்டம்பர் 7 அன்று அவர் ஜெர்மனியின் பவேரிய அரசு இசைக்குழுவோடு ஸ்ரீநகரின் ஷாலிமார் தோட்டத்தில் வாசித்தார். 'காஷ்மீரின் உணர்வு' என்று பொருள்படும் பெயரில் நடந்த அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தது ஜெர்மன் தூதரகம்.

காஷ்மீர் இசைக் கலைஞர்களும் மேடையில் பங்கேற்றார்கள். நிகழ்ச்சி பல நாடுகளில் நேரடியாக ஒளிபரப்பானது. ஆனால், தோட்டத்துக்குள் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வெளியே கடுமையான பாதுகாப்புக் கட்டுப்பாடுகள். பிரிவினைவாதத் தலைவர்கள் முழு அடைப்புக்கு அழைப்பு விடுத்தார்கள். குடிமைச் சமூகத்தினர் 'காஷ்மீரின் உண்மை நிலை' என்ற பெயரில் அதே நகரத்தில் போட்டி நிகழ்ச்சி நடத்தினார்கள். அடுத்த முறை எல்லோரும் வரக்கூடிய இடத்தில் வாசிக்க வேண்டும் என்று மேத்தாவே சொன்னார்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் தெரியும். ஸ்ரீநகரில் இருந்தது ஒரு மாலைப்பொழுது. அமைதி வேண்டும் என்று ஏங்கும் மக்களில் பெரும்பாலானோர் வேலிக்கு வெளியே இருந்தார்கள். திவானில் பிரச்னைக்கு உள்ளேயே வாழ்பவர்கள் மேடையில் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுநாள் ஒத்திகைக்கு வருகிறார்கள். அடுத்த ஆண்டும் வருகிறார்கள்.

கலையால் புரிதல் வளர்க்கும் எந்த முயற்சியைப் பற்றிச் செய்தி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். மேடையில் யார்? பார்வையாளர் வரிசையில் யார்? மறுநாள் காலையில் என்ன நடக்கும்?

மறுநாள் காலைக்கு திவான் என்ன செய்தது?

பாரன்பாய்ம்-சயீத் பெயரிலான அறக்கட்டளை 2004-ல் உருவானது. பாலத்தீனப் பகுதிகளில் குழந்தைகளுக்கான இசைக் கல்வி அதன் முக்கியமான வேலை. கச்சேரி முடிந்து விருந்தாளிகள் கிளம்பிய பிறகும் ரமல்லாவில் வயலின் வகுப்பு நடக்க வேண்டும் என்பது நோக்கம்.

அடுத்தது பெர்லினில் உள்ள பாரன்பாய்ம்-சயீத் அகாடமி. அரசு இசை நாடக அரங்கின் காட்சிப் பொருட்களை வைத்திருந்த பழைய கிடங்குக் கட்டடம், இசைக் கல்லூரியாக மாறி 2016-ல் வகுப்புகள் தொடங்கின. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க நாட்டு மாணவர்கள்தான் இங்கே அதிகம். இசை படிக்க வந்தவர்கள் தத்துவம், இலக்கியம், வரலாறும் கட்டாயம் படிக்க வேண்டும். வைமரில் சயீத் நடத்திய இரவு விவாதங்கள் இங்கே பாடத்திட்டமாகிவிட்டன.

அதே கட்டடத்தில் 2017 மார்ச்சில் பியர் புலேஸ் அரங்கம் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி கட்டணம் வாங்காமல் வடிவமைத்துக் கொடுத்த அரங்கம் இது. சுமார் 680 இருக்கைகள். நீள்வட்ட வடிவத்தில், நடுவில் மேடை, சுற்றிலும் ரசிகர்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எதிர்ப்பக்கம் இருப்பவர் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, இதனால் அமைதி வந்ததா?

வரவில்லை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. 1999-ல் இருந்ததைவிட அந்தப் பகுதியின் நிலைமை இன்று ரொம்ப மோசம்.

ஆனால், பாரன்பாய்ம் கொடுத்த வாக்குறுதி அது இல்லை. அமைதிக்கு வேறு விஷயங்கள் தேவை, நீதி தேவை, அரசியல் தீர்வு தேவை. ஒரு ஆர்கெஸ்ட்ராவால் அவற்றைக் கொண்டுவர முடியாது என்பதில் அவர் தெளிவாகவே இருந்தார். இது அறியாமைக்கு எதிரான திட்டம் என்றுதான் சொல்லிவந்தார். எதிர்த்தரப்பின் கதையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கதை அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால், போர் நடத்துபவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது அந்த அறியாமைதான். எதிரிக்கு முகமோ பெயரோ இல்லாதவரை சுடுவது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து தனக்காக ஒருமுறை தாளைத் திருப்பிய கையை நினைவில் வைத்திருப்பவருக்கு அது அவ்வளவு சுலபமாக இருக்காது.

சயீத் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பார்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டிருப்பதை 2025-ல் பாரன்பாய்ம் அறிவித்தார். தொடங்கியவர்கள் இல்லாமலும் குழு தொடர வேண்டிய காலம் நெருங்குகிறது.

இந்தக் குழுவின் வெற்றிக்கு பாரன்பாய்மே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். உறுப்பினர்களின் சொந்த நாடுகள் அத்தனையிலும் மேடையேறி வாசிக்கும் நாளில்தான் திவான் முழுமை பெறும் என்பதே அது. அந்தக் கணக்கின்படி, 1999-ல் வைமரில் தொடங்கிய ஒத்திகை இன்னும் முடியவில்லை.